வாய்க்கு முன்னால் நான்கு விரல்கள்

கையை எங்கே வைத்துக்கொள்வது என்று சொல்லித்தருவதுதான் என் வேலை. கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். மேற்குத் தாம்பரத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், வெளிநாட்டுக்குப் போகிற நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கிற நிலையம் ஒன்று இருக்கிறது. மொழிக்கு ஓர் ஆசிரியர், மருத்துவப் பாடத்துக்கு ஓர் ஆசிரியர். மீதி எல்லாம் நான். எப்படி உட்காருவது, எப்படிக் கண்ணைப் பார்த்துப் பேசுவது, எந்த நாட்டில் எந்த விரலை நீட்டக் கூடாது.

அந்தக் கடைசிப் பாடம் எனக்கு மிகவும் பிடிக்கும். கட்டை விரலை உயர்த்தினால் நமக்கு ‘சூப்பர்’. மேற்கு ஆசியாவில் சில இடங்களில் ஒரு வயதானவரிடம் அதைக் காட்டினால் அவர் முகம் சிவந்துபோகும். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்தால் நமக்கு ‘அருமை’, பிரேசிலில் கெட்ட வார்த்தை. கிரேக்க நாட்டில் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையை ஒருவர் முகத்துக்கு நேரே காட்டினால் சண்டைதான். இதைச் சொன்ன அன்று பல்லாவரத்திலிருந்து வருகிற சின்னப் பெண் ஒருத்தி, “அப்போ நம்ம சாமியெல்லாம் கையைக் காட்டிக்கிட்டே நிக்குதே மிஸ், கிரீஸ்ல காலண்டர் மாட்ட முடியாதா?” என்று கேட்டாள். வகுப்பு அடங்க நேரமாயிற்று.

ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்கு எண்ணுவதையும் சொல்லித்தருவேன். அங்கே ஒன்று என்றால் கட்டை விரல், இரண்டு என்றால் அதோடு ஆள்காட்டி விரல். நாம் கட்டை விரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவோம். அதைப் பார்த்தால் கையில் ஏதாவது வலியா என்று கேட்பார்கள் என்பேன். கை குலுக்குவது எங்கிருந்து வந்தது, என் கையில் ஆயுதம் இல்லை பார் என்று காட்டுவதற்காக என்கிறார்களே, அது உண்மையா என்பதையெல்லாம் பேசுவோம். உண்மையா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஆனாலும் அந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் தங்கள் கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள். பாடத்தில் ‘நம் ஊர்’ என்று ஒரு பகுதியும் வைத்திருந்தேன். கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது, திருஷ்டி கழிய நெற்றியில் விரல்களை மடக்கி நெட்டி முறிப்பது. இவற்றை வெளிநாட்டுக்காரருக்கு எப்படி விளக்குவது என்று மாணவிகளைப் பேசச் சொல்வேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். அம்மாவுக்கு அதுவும் வராது. நான் ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்க அந்த மாடிப்படியில் ஏறும்போது, கீழே மருந்துக் கடையில் நிற்பவர்கள் என்னைப் பார்க்கிறார்களா என்று நானும் பார்ப்பேன். மறைக்க என்ன இருக்கிறது, எனக்குத் திமிர் கொஞ்சம் உண்டு.

நிலையத்தை நடத்துகிற மேடம் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அம்மா ஆசிரியை, தாத்தா ஆசிரியர். சர்ச்சில் பாடுகிற குரல். சாதாரணமாகப் பேசினாலே கடைசி பெஞ்சு வரை போகும். என்னை “என்னடா கண்ணு” என்றுதான் கூப்பிடுவார். நான் அங்கே தற்காலிகமாகத்தான் சேர்ந்தேன். ஜெர்மனிக்கு மூன்று பேர் கொண்ட முதல் குழு தேர்வாகிவிட்டால் என்னை நிரந்தரமாக்குவதாக அவர் சொல்லியிருந்தார்.

ஆனால் அந்தத் தேர்வை என்னைவிட அதிகம் நம்பியிருந்தவள் ஊரப்பாக்கத்திலிருந்து வருகிற ஒருத்தி. குழுவில் மூத்தவள் அவள், என்னைவிடவும் பெரியவள். ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பல வருஷமாக நர்ஸ். வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருவாள். வேறு இரண்டு இடங்களில் முயன்று கிடைக்காமல் இங்கே வந்தவள். “இதான் கடைசின்னு எங்க மாமியார் சொல்லிட்டாங்க மிஸ். இதுவும் இல்லன்னா புள்ளையைப் பாத்துக்கினு வூட்லயே கெடன்னு” என்று சேர்ந்த அன்றே சொல்லிவிட்டாள். நன்றாகப் படித்தாள். மதிய உணவு நேரத்தில்கூட டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஜெர்மன் வினைச்சொற்களை முணுமுணுப்பாள்.

நேர்காணல் நடந்தது மேடத்தின் அறையில், கணினித் திரையில். அந்தப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தை நிர்வகிக்கிற அம்மாள். குட்டையாக வெட்டிய நரைத்த முடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. நமக்காக ஆங்கிலத்தை நிறுத்தி நிறுத்திப் பேசினார். இந்தப் பக்கம் மேசைக்கு முன் ஒரு நாற்காலி. அதில் ஒவ்வொருவராக வந்து உட்கார வேண்டும். மேடம் ஓரத்தில் இருந்தார். மேடத்துக்குப் பின்னால் நான்.

முதலில் பல்லாவரத்துச் சின்னப் பெண். நிமிர்ந்து உட்கார்ந்தாள், சிரித்தாள், தன்னைப் பற்றி அழகாகச் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு அந்த அம்மாள், சாப்பிட மறுக்கிற ஒரு பெரியவரை எப்படிச் சாப்பிட வைப்பாய் என்று கேட்டார். அவள் யோசித்தாள். வலது கை மடியிலிருந்து மெதுவாக எழுந்தது. நான்கு விரல்களும் ஒட்டி, உதட்டைத் தொடாமல், வாய்க்கு முன்னால் நின்றன. குரல் தணிந்தது. அந்த விரல்களுக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னாள்.

பதற்றம் என்று நினைத்தேன். இரண்டாவது பெண்ணும் அதே இடத்தில் அதேபோல் கையைத் தூக்கினாள். மூன்றாவதாக ஊரப்பாக்கத்துக்காரி. அவளுக்கு முதல் கேள்விக்கே கை மேலே போய்விட்டது. போனது கடைசிவரை இறங்கவேயில்லை.

திரையில் இருந்த அம்மாள் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். உங்கள் மாணவிகள் நன்றாகத் தயாராகி இருக்கிறார்கள், ஆனால் ஏன் எல்லோரும் வாயை மறைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்று மேடத்திடம் கேட்டார். எங்கள் பக்கத்தில் பொய் சொல்கிறவர்களின் கைதான் வாய்க்குப் போகும் என்றார். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அடுத்ததைச் சிரிக்காமல் சொன்னார். எங்கள் இல்லத்தில் பாதிப் பேருக்குக் காது சரியாகக் கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்கள், உதட்டைக் காட்டாத நர்ஸை நான் எப்படி எடுப்பது?

“ஒரு நிமிஷம்” என்று மேடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஒலியை நிறுத்தினார். திரும்பினார்.

“என்னம்மா இது, மூணு பேரும் சொல்லி வெச்ச மாதிரி? யாரு இப்படிச் சொல்லிக்குடுத்தது?”

ஊரப்பாக்கத்துக்காரிதான் சொன்னாள். “மிஸ்தான் மேம்.”

“நானா?” என்றேன்.

“சொல்லிக்குடுக்கல மேம். மிஸ் உங்ககிட்ட பேசும்போது அப்படித்தான் பேசுவாங்க. பெரியவங்ககிட்ட பேசுற முறைன்னு நெனைச்சோம்.”

“ஆமா மேம்” என்றாள் பல்லாவரத்துப் பெண். அவளுக்கு உதவி செய்கிற எண்ணம்தான். “நாங்க ரெண்டு பேரும் பாத்ரூம் கண்ணாடி முன்னாடி பிராக்டிஸ்கூட பண்ணோம். மிஸ் மாதிரி அழகா வரல.”

“நான் எங்க மேம் அப்படிப் பேசுறேன்?” என்று கேட்டேன். ஒலியைத்தான் நிறுத்தியிருந்தோம், படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. திரையின் மூலையில் எங்கள் அறை தெரிகிற சின்னச் சதுரத்தில், மேடத்தின் தோளுக்குப் பின்னால், நான் இருந்தேன். என் கழுத்தில் அடையாள அட்டை. என் வாய்க்கு முன்னால் நான்கு விரல்கள்.

பல்லாவரத்துப் பெண் களுக்கென்று சிரித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கையை இறக்கினேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதைச் சொல்லித்தருவதற்குத்தான் அங்கே எனக்குச் சம்பளம்.

முடிச்சூரில் இன்று அடுக்குமாடிகள் நிற்கிற இடத்தில் பெரும்பகுதி ஒரே குடும்பத்தின் வயலாக இருந்தது. என் அம்மா அதில் நாற்று நட்டாள். வயல் மனைகளான பிறகு அந்தக் குடும்பத்தின் வீட்டிலேயே பாத்திரம் தேய்த்தாள். பின்பக்கக் கதவுக்கு வெளியே நின்று, அந்த வீட்டு அம்மா கேட்பதற்குப் பதில் சொல்லும்போது, அம்மாவின் ஈரக் கை வாய்க்கு முன்னால் வந்துவிடும். சோப்பு நுரை முழங்கை வரை வழியும். பக்கத்தில் நானும் நிற்பேன். யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. கன்னத்தில் போட்டுக்கொள்வதையும் கும்பிடுவதையும் பிள்ளைகள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்களோ அப்படி நானும் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். வெள்ளம் வந்த வருஷம் எங்கள் எல்லோரையும் ஒரே படகில்தான் ஏற்றினார்கள். அந்த வீட்டு அம்மாவின் முழங்கால் என் அம்மாவின் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. இருவர் புடவையிலும் ஒரே சாக்கடைத் தண்ணீர். “தண்ணி வடிஞ்சிடும்மா, பயப்படாதீங்க” என்று என் அம்மா அவரிடம் சொன்னாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சொன்னாள்.

அது எதற்கு என்று எனக்குத் தெரியும். தெரியாமல் வளரவில்லை. நம் வாய்க் காற்று அவர்கள் மேல் படக் கூடாது. பிரேசிலும் கிரேக்கமும் போய் ஒவ்வொரு விரலுக்கும் பிறப்பிடம் தேடிய நான், இதை மட்டும் நம் ஊர்ப் பகுதியில் வைக்கவில்லை. வைக்க மறந்தேன் என்று சொல்ல முடியாது. அது என் கையிலேயே இருக்கிறது என்பதே அந்தச் சின்னச் சதுரத்தைப் பார்க்கும்வரை எனக்குத் தெரியவில்லை.

“ஒண்ணும் பயப்படாதடா கண்ணு” என்றார் மேடம். “இது நம்ம கல்ச்சர், மரியாதைன்னு அந்தம்மாகிட்ட எடுத்துச் சொல்லு. நீதானே இதுல எக்ஸ்பர்ட்.” ஒலியைத் திறந்துவிட்டு நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

உட்கார்ந்தேன். இரண்டு கைகளையும் மேசையில் வைத்து ஒன்றை மற்றொன்றால் பிடித்துக்கொண்டேன். நம்ம கல்ச்சர் என்று தொடங்க வாய் வரவில்லை. மேடத்தின் கை அவர் வாய்க்கு முன்னால் போய் நான் பார்த்ததே இல்லை. அவர் அம்மாவின் கையும் போயிருக்காது. பல்லாவரத்துப் பெண் கண்ணாடி பார்த்துப் பழக வேண்டியிருந்தது. எந்த ‘நம்ம’?

தவறு என்னுடையது, அவர்கள் என்னைப் பார்த்துச் செய்தார்கள், அவர்கள் எதையும் மறைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

“அது புரிகிறது. ஆனால் அதற்கு அர்த்தம் என்ன?” என்று அந்த அம்மாள் கேட்டார். குறை காண்கிற குரலில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் வகுப்பில் கேட்பது போலவே இருந்தது.

“பேசுகிறவரின் மூச்சு எதிரில் இருப்பவர் மேல் படக் கூடாது என்று அர்த்தம்.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “ஆ! சுகாதாரம்!” என்றார். கொரோனா நாட்களில் எங்கள் இல்லத்தில் இதற்காக எவ்வளவு பாடுபட்டோம் தெரியுமா, உங்கள் ஊரில் இது முன்பிருந்தே இருக்கிறதா என்று கேட்டார்.

“ரொம்பப் பழைய வழக்கம்” என்றார் மேடம், என் தலைக்கு மேலாக. “பல தலைமுறையாக.”

“எவ்வளவு நல்ல வழக்கம்!”

நான் வாயைத் திறந்தேன். பின்னால் ஊரப்பாக்கத்துக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. இல்லை, நீங்கள் நினைப்பது இல்லை, இது நோய்க்காக வந்ததில்லை என்று சொன்னால் அதற்குப் பின் எத்தனை சொல்ல வேண்டும், அதைக் கேட்டுவிட்டு அந்த அம்மாள் இந்த மூவரையும் எப்படிப் பார்ப்பார், இந்த அறையில் இருக்கிறவர்கள் என்னை எப்படிப் பார்ப்பார்கள். எல்லாமே ஒரு நொடியில் ஓடியது. “ஆமாம்” என்று புன்னகை செய்தேன்.

நல்ல வழக்கம்தான், ஆனால் எங்கள் பெரியவர்களுக்கு உதடு தெரிய வேண்டும், அதனால் மூவரையும் மறுபடி பார்க்கிறேன் என்றார் அவர்.

இந்த முறை கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி மேடம் கண்டிப்பாகச் சொன்னார். சின்னப் பெண்கள் இருவருக்கும் அது சுலபமாக இருந்தது. ஊரப்பாக்கத்துக்காரி இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். தோள்கள் இரண்டும் அவ்வப்போது துள்ளின. சாப்பிட மறுக்கிற பெரியவரைப் பற்றிய கேள்விக்கு, முதலில் அவர் பல்லைப் பார்ப்பேன், பல்செட் ஈறில் குத்துகிறவர்கள் பசியில்லை என்றுதான் சொல்வார்கள் என்றாள். அந்த அம்மாள் சிரித்தார், எதையோ குறித்துக்கொண்டார். இவளுடைய மேல் உதட்டில் ஒரு சின்னத் தழும்பு இருப்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மூவரும் தேர்வானார்கள். சேதி வந்தபோது மாடியே அதிர்ந்தது. ஊரப்பாக்கத்துக்காரி மாமியாருக்குப் போன் போட்டுவிட்டுப் பேச முடியாமல் போனை என்னிடம் நீட்டினாள். நான்தான் சொன்னேன். “அப்டியா, எந்த ஊரு, ரொம்பக் குளிருமா?” என்று கேட்டுவிட்டு அந்த மாமியாரும் அழ ஆரம்பித்துவிட்டார்.

மேடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நிரந்தரப் பணிக்கான கடிதத்தைக் கொடுத்துவிட்டு, “ஒண்ணு பண்ணுடா” என்றார். “நம்ம ஊர்ப் பகுதியில இதையும் சேத்துடு. ஹைஜீன்னு தலைப்பு போட்டு, படத்தோட. அந்தம்மா எவ்ளோ ரசிச்சாங்க பாத்தியா?” அவர் என்னைக் கேலி செய்யவில்லை. எனக்கு ஒரு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். நான் “சரி மேம்” என்றேன், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

வீட்டில் அம்மாவிடம் வேலை நிரந்தரமான சேதியைச் சொன்னேன். என் முகத்தைச் சுற்றித் தன் நெற்றியில் நெட்டி முறித்தாள். அத்தனை விரலும் சொடுக்கியது. அம்மா இப்போது அந்த அடுக்குமாடிகளில் ஒன்றில் படிக்கட்டு பெருக்குகிறாள்.

“ஏம்மா, அபார்ட்மென்ட் செகரட்டரிகிட்ட பேசும்போது ஏன் வாயைப் பொத்திக்கினு பேசுற?” என்றேன்.

“நான் எங்கடி பொத்துனேன்?”

“தினமும்தான்.”

“பொத்தாம பின்ன, மூஞ்சிக்கு நேரா கொரைக்கவா? போடி, பர்மன்ட் ஆயிட்டாளாம், மொதல்ல ஒரு காபி போடு.”

போட்டேன். கேட்டது தப்போ என்று இருந்தது. அவளைத் திருத்துவதற்காகக் கேட்டேனா, என் மேல் இருப்பதை அவள் மேல் போடுவதற்காகக் கேட்டேனா என்று காபி ஆற்றும்போது யோசித்தேன்.

விசா வந்த வாரம் ஊரப்பாக்கத்துக்காரி ஒரு மாலை இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தாள். வகுப்பு முடிந்து இருவருமாகத் தாம்பரம் ஸ்டேஷன் வரை நடந்தோம். நான் பஸ்ஸுக்குப் போக வேண்டியவள், பேச்சு முடியாததால் அவளோடு பிளாட்பாரத்துக்கே வந்துவிட்டேன். செங்கல்பட்டு வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. தூணோரம் நின்றோம்.

“மிஸ், ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது” என்றாள்.

“சொல்லு.”

“அன்னிக்கு மேடம் கேட்டப்ப உங்க பேரைச் சொல்லிட்டேன். அந்தப் பசங்க உங்களைப் பாத்துதான் செஞ்சுதுங்க, அது நெசம். நான் உங்களைப் பாத்துக் கத்துக்கல மிஸ்.” தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எங்க வூட்ல எல்லாருக்கும் அப்டித்தான். எங்க அம்மா செங்கல் சூளையில இருந்தாங்க. இன்னா இதுன்னு மேடம் அந்த மாதிரிக் கேட்டதும், எங்க வூட்டுப் பழக்கம்னு சொல்ல வாய் வரல. மிஸ்ஸுன்னு சொல்லிட்டேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனைச்சேன். நீங்க படிச்சவங்க.”

அவள் என் மேசைக்கு வந்து சந்தேகம் கேட்கும்போதெல்லாம் அந்தக் கை வாய்க்கு முன்னால் இருந்திருக்கிறது. நான் அதைப் பார்த்துமிருக்கிறேன். என் படிப்புக்கு வைக்கிற மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். என்னைவிடப் பெரியவள் அப்படிப் பேசுவது எனக்குப் பிடித்தும் இருந்தது. கையை எடு என்று ஒரு தடவைகூடச் சொல்லத் தோன்றவில்லை. பின்பக்கக் கதவுக்கு வெளியே நின்ற பிள்ளைதான் நானும். ஆனால் என் முன்னால் அதே மாதிரி ஒருத்தி நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. கதவுக்கு உள்ளே நின்றவர் பார்த்த மாதிரி பார்த்திருக்கிறேன்.

“கோவமா மிஸ்?”

“இல்ல” என்றேன். அவளைப் பார்க்க முடியவில்லை.

“உங்க வூட்லயும் அப்டித்தானா?”

தலையை ஆட்டினேன். என் கையிலிருந்த இனிப்புப் பெட்டியின் நூல் அவிழ்ந்திருந்தது. அவள் அதை வாங்கி இறுக்கிக் கட்டித் திருப்பித் தந்தாள்.

“அங்க போய் கை மறந்துபோய் மேல போயிடுச்சுன்னு வைங்க. யாராச்சும் கேப்பாங்க இல்ல? இன்னா சொல்றது மிஸ்?” என்றாள். “அன்னிக்கு மாதிரியே சுத்தம்னு சொல்லிடவா?”

வேறு பதில் ஒன்று தொண்டை வரை வந்தது. அதைச் சொல்லிவிட்டு அவள் மட்டும் தனியாக, தெரியாத ஊரில், தெரியாத மொழியில், யாரோ ஒருவர் முன்னால் நிற்பதை நினைத்தேன். மேடத்தின் அறையில் நானே சொல்லாத பதில் அது.

“சொல்லிடு” என்றேன்.

“ஜெர்மன்ல அதுக்கு இன்னா மிஸ் வார்த்தை?”

எனக்குத் தெரியவில்லை. மொழி ஆசிரியரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வண்டி வந்தது. கூட்டத்தில் இடித்துக்கொண்டு பெண்கள் பெட்டியில் ஏறினாள்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கேட்டு, அவளுக்கு அனுப்பிவைத்தேன்.